வாதம் வலுவிழக்கும் இடம்



திறனறி தேர்வுகளில் வரும் ஒரு வகை வினாவைப் பற்றிப் பேச வந்துள்ளேன். ஒரு சிறு பத்தி கொடுக்கப்பட்டிருக்கும். அதில் ஒரு வாதம் இருக்கும். கீழே ஐந்து கூற்றுகள் இருக்கும். ‘இவற்றுள் எது உண்மையானால் இவ்வாதம் பெரிதும் வலுவிழக்கும்?’ என்பது வினா. மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட், சட்டப் படிப்புக்கான எல்சேட் ஆகிய தேர்வுகளில் இது நிலையான இடம் பெற்றது. நம் நாட்டுப் பள்ளிகளில் ‘உயர்நிலைச் சிந்தனைத் திறன்’ என்று நாம் பயிற்றுவிப்பதன் ஒரு கூறும் இதுவே.

இவ்வகை வினாவில் நம் பிள்ளைகள் தடுமாறுவதை நான் பல பயிற்சி வகுப்புகளில் கண்டிருக்கிறேன். இது ஆங்கிலத் தேர்வு, ஆங்கிலம் வந்தால் இதுவும் வந்துவிடும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். அவ்வெண்ணம் சரியன்று என்பதே இவ்வுரையின் கருத்து. இத்திறனைத் தமிழிலேயே கற்கலாம், கற்பிக்கலாம். அதற்கு வேண்டிய கருவிகள் நம் தருக்க மரபிலும் இலக்கண மரபிலும் உள்ளன.

பள்ளிகளும் பிள்ளைகளும்

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஜொகூரில் ஒரு கூட்டத்தில் தமிழ்க்கல்வி பற்றிப் பேசினேன். ‘1957-இல் இந்நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530 பள்ளிகளே எஞ்சியுள்ளன. ஆகவே, தமிழ்க்கல்வியின்மீது நம் மக்களுக்கு இருந்த பற்றுக் குறைந்துவிட்டது’ என்று வருத்தத்துடன் சொன்னேன். அவையினர் தலையசைத்தனர். அதே பேச்சை வேறு மேடைகளிலும் பேசியிருந்தேன். அங்கெல்லாமும் தலையசைப்பே கிடைத்தது.

அன்று மட்டும், தோட்டப்பள்ளி ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்தார். ‘ஐயா, பள்ளிகளை எண்ணினீர்கள். பிள்ளைகளை எண்ணினீர்களா?’ என்று கேட்டார். தாம் பணியாற்றிய பள்ளியில் முப்பது பிள்ளைகளே இருந்தனர் என்றும், தோட்டம் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தபோது பள்ளி மூடப்பட்டது என்றும், அப்பிள்ளைகளுள் பலர் பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்தனர் என்றும் சொல்லி அமர்ந்தார்.

வீடு திரும்பிப் புள்ளிவிவரங்களைப் புரட்டினேன். 1957-இல் 888 பள்ளிகளில் பயின்றவர் ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர். 2000-ஆம் ஆண்டில் 526 பள்ளிகளில் பயின்றவர் ஏறத்தாழ தொண்ணூறாயிரம் பேர். ஒரு பள்ளிக்குச் சராசரியாக 57 பேர் என்று இருந்தது, 170 பேருக்கு மேல் என்று ஆகியிருந்தது. பள்ளிகள் குறைந்த அதே காலத்தில் பிள்ளைகள் பெருகியிருந்தனர்.

அந்த ஆசிரியை என்ன செய்தார் என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். 888 என்ற எண்ணை அவர் மறுக்கவில்லை. ‘பற்றுக் குறையவில்லை’ என்று என் முடிவுக்கு எதிராக முழங்கவும் இல்லை. பள்ளிகளின் எண்ணிக்கை மக்களின் பற்றைக் காட்டும் அளவுகோல் என்று நான் சொல்லாமலே கொண்டிருந்த எண்ணத்தை அவர் தொட்டார். என் வாதம் அந்த இடத்தில் தளர்ந்தது. தேர்வு வினா மாணவரிடம் கேட்பதும் இதையே.

வினாவின் அமைப்பு

எந்த வாதத்திலும் மூன்று உறுப்புகள் உண்டு. ஒன்று, சான்றாகச் சொல்லப்படுவது. பழந்தமிழில் இதனை ஏது என்பர். இரண்டு, அச்சான்றிலிருந்து பெறப்படும் முடிவு. மூன்று, சான்றையும் முடிவையும் இணைக்கும் எடுகோள். முதல் இரண்டும் பத்தியில் எழுதப்பட்டிருக்கும். மூன்றாவது பெரும்பாலும் எழுதப்பட்டிராது. சொல்பவர் அதை வெளிப்படையென்று கருதி விட்டுவிடுவார். கேட்பவரும் தம்மை அறியாமல் ஏற்றுக்கொள்வார்.

என் வாதத்தில் ஏது: பள்ளிகள் 888-இலிருந்து 530 அளவுக்குக் குறைந்தன. முடிவு: தமிழ்க்கல்விப் பற்றுக் குறைந்தது. சொல்லாத எடுகோள்: பற்றுக் குறைந்தாலன்றிப் பள்ளிகள் குறையா.

தேர்வில் சான்றை உண்மையென்றே கொள்ள வேண்டும். அதனோடு மல்லுக்கு நிற்பது வீண். கீழே தரப்படும் கூற்றுகளையும் அவ்வாறே கொள்ள வேண்டும். ‘உண்மையானால்’ என்று வினா சொல்வதன் பொருள் அதுவே. ‘இது நடைமுறையில் உண்மையா?’ என்று மாணவர் ஆராயத் தொடங்கினால் நேரம் கரையும். ‘இது உண்மையென்றால் எடுகோள் என்ன ஆகும்?’ என்பதே அவர் கேட்க வேண்டிய கேள்வி.

வலுவிழத்தல் வேறு, வீழ்தல் வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியையின் கேள்விக்குப் பிறகு, ‘பற்றுப் பெருகிவிட்டது’ என்று நான் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் 1957-இல் மலாயாவின் இந்தியர் தொகை ஏறத்தாழ ஏழு இலட்சம். 2000-ஆம் ஆண்டில் மலேசிய இந்தியர் தொகை பதினாறு இலட்சத்துக்கு மேல். மக்கள்தொகை இருமடங்குக்கும் மேலாகப் பெருகியபோது தமிழ்ப்பள்ளி மாணவர் தொகை இருமடங்கை எட்டவில்லை. ஆகவே ‘பற்றுப் பெருகியது’ என்ற எதிர்வாதமும் தளர்கிறது. ஒரு வாதத்தின் தளர்ச்சி அதற்கு எதிரான முடிவை நிறுவிவிடாது. முடிவு இன்னும் உண்மையாக இருக்கலாம். கொடுத்த ஏது அதைத் தாங்கப் போதவில்லை என்பதே நாம் அறிந்தது. ‘முடிவு பொய் என்று காட்டும் கூற்று எது?’ என்று தேடும் மாணவர் சரியான விடையைக் கண்டும் ‘இது போதாது’ என்று தாண்டிச் செல்வதற்குக் காரணம், இந்த வேறுபாட்டை நாம் சொல்லிக் கொடுக்காமைதான்.

ஏதுவும் ஏதுப்போலியும்

இவ்வாராய்ச்சி நமக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் முப்பது காதைகளுள் இருபத்தொன்பதாவது காதை, பெரும்பகுதியும் தருக்கப் பாடம். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அறம் உரைக்கும்முன் அளவை உரைக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகியவற்றின் இலக்கணம் கூறி, அவற்றைப் போலத் தோன்றி அவையாகாத போலிகளையும் வகுக்கிறார். பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து. நியாயப் பிரவேசம் என்னும் வடமொழிப் பௌத்தத் தருக்க நூலோடு இப்பகுதி நெருங்கிய ஒப்புமை உடையது என்பதை அறிஞர் எடுத்துக்காட்டியுள்ளனர். காப்பியச் சுவை நாடிப் படிப்போர் இக்காதையைக் கடந்து போய்விடுவதுண்டு. நம் பொருளுக்கு இதுவே தலையாய காதை.

ஏதுப்போலி பதினான்கும் மூன்று தலைப்பில் அடங்கும். அவை அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என்பன. தருக்க நூலார் வழக்கமாக எடுத்தாளும் ‘ஒலி நிலையற்றது’ என்ற மேற்கோளைக் கொண்டே இவற்றை விளக்கலாம்.

‘ஒலி நிலையற்றது, கண்ணால் காணப்படுவதால்’ என்று ஒருவர் சொன்னால், ஒலி கண்ணால் காணப்படுவதே இல்லை. ஏதுவே பொருந்தவில்லை. இது அசித்தம்.

‘ஒலி நிலையற்றது, அறியப்படுவதால்’ என்றால், ஒலி அறியப்படுவது உண்மையே. ஆனால் நிலையற்ற குடமும் அறியப்படுகிறது. நிலையானது என்று கொள்ளப்படும் ஆகாயமும் அறியப்படுகிறது. ஏது இரு பக்கமும் நிற்கிறது. ஒரு பக்கத்தைத் துணிவதற்கு உதவவில்லை. இது அநைகாந்திகம்.

‘ஒலி நிலையானது, செய்யப்படுவதால்’ என்றால், செய்யப்படுவது எதுவும் நிலையற்றதாகவே இருத்தலின், கொடுத்த ஏது சொன்னதற்கு எதிரானதையே நாட்டுகிறது. இது விருத்தம்.

இனித் தேர்வு வினாவுக்கு வருவோம். ஏதுவை உண்மையெனக் கொள்ளும்படி வினாவே பணிப்பதால் அசித்தத்துக்கு அங்கு இடம் அரிது. விருத்தம் எப்போதாவது வரும். பெரும்பாலான வினாக்களின் விடை அநைகாந்திகத்தில்தான் இருக்கும். இதே ஏது, முடிவு பொய்யாகும் இடத்திலும் இருக்கக்கூடுமா? இருக்கக்கூடும் என்று காட்டும் கூற்று எதுவோ அதுவே விடை. பள்ளிக் குறைவு, பற்றுக் குறைந்த இடத்திலும் இருக்கும். சிறு பள்ளிகள் மூடப்பட்டுப் பிள்ளைகள் பெரிய பள்ளிகளில் சேர்ந்த இடத்திலும் இருக்கும். என் மேடைப் பேச்சு, பதினான்கு நூற்றாண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய ஒரு பட்டியலில் முன்பே இடம்பெற்றிருந்த பிழைதான்.

நியாய நூலார் கூறும் மற்றோர் எடுத்துக்காட்டும் மாணவர்க்குப் பயன்படும். புகை கண்ட இடத்தில் நெருப்பு உண்டு என்பது நல்ல அனுமானம். அதைத் திருப்பி, நெருப்பு உள்ள இடத்தில் புகை உண்டு என்றால் பழுக்கக் காய்ச்சிய இரும்பு அதை மறுக்கும். அங்கு நெருப்பு உண்டு, புகை இல்லை. புகைக்கு நெருப்போடு ஈர விறகும் வேண்டும். சொல்லாமல் விட்ட அந்த ஈர விறகைக் கண்டுபிடிப்பதே வாதத்தை ஆராய்வோரின் பணி.

இடைச்சொல்லில் இருக்கும் வாதம்

இனி என் துறைக்கு வருகிறேன். தமிழில் வாதத்தின் இணைப்புப் பெரும்பாலும் ஒரு விகுதியிலோ ஓர் இடைச்சொல்லிலோ அமைகிறது. அதைக் கூர்ந்து படிக்காதவர் வாதத்தையே தவறாகப் படிப்பார். மூன்று தொடர்களைக் காண்போம்.

தமிழ்ப்பள்ளியில் பயின்றால் தமிழில் சிறக்கலாம்.
தமிழ்ப்பள்ளியில் பயின்றால்தான் தமிழில் சிறக்கலாம்.
தமிழ்ப்பள்ளியில் பயின்றதால் இவர் தமிழில் சிறந்தார்.

மூன்றும் ஏறத்தாழ ஒன்றுபோல ஒலிக்கின்றன. மேடையில் ஒன்றைச் சொல்லத் தொடங்கி மற்றொன்றில் முடிப்பவர் பலர். ஆனால் இவற்றைத் தளர்த்தும் சான்றுகள் வெவ்வேறு.

முதல் தொடர், தமிழ்ப்பள்ளிப் பயிற்சி போதும் என்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்றும் தமிழில் சிறவாதவர் பலரைக் காட்டினால் இது தளரும். தமிழ்ப்பள்ளிக்குச் செல்லாமலே சிறந்தவரைக் காட்டினால் இதற்கு ஒரு குறையும் வாராது.

இரண்டாம் தொடரில் ‘தான்’ என்ற ஒரு சொல் கூடியதும் நிலைமை தலைகீழாகிறது. இது தமிழ்ப்பள்ளிப் பயிற்சி இன்றியமையாதது என்கிறது. இதைத் தளர்த்தத் தமிழ்ப்பள்ளிக்குச் செல்லாமலே, வீட்டிலும் நூலகத்திலும் கற்றுச் சிறந்தவரைக் காட்ட வேண்டும். பயின்றும் சிறவாதவரைக் காட்டுவது இங்குப் பயனற்றது. பயின்றோர் எல்லாரும் சிறப்பர் என்று இத்தொடர் சொல்லவே இல்லை.

மூன்றாம் தொடர் நடந்துபோன ஒன்றுக்குக் காரணம் கூறுகிறது. இவர் தமிழ்ப்பள்ளியில் பயின்றதும் உண்மை, சிறந்ததும் உண்மை. வேறொரு காரணம் இருந்தது என்று காட்டினால் மட்டுமே இது தளரும். இவருடைய பாட்டியார் நாள்தோறும் கதை சொல்லி, நூல் படிக்கச் சொல்லி வளர்த்தார் என்பது அத்தகைய சான்று.

தேர்வுகளில் வரும் தவறான தெரிவுகளுள் பல, முதல் வகைக்குரிய சான்றை இரண்டாம் வகை வாதத்துக்கும், இரண்டாம் வகைக்குரியதை முதல் வகைக்கும் மாற்றிக் கொடுப்பவை. ‘தான்’ என்பதன் பணியைத் தமிழில் உணர்ந்த மாணவர்க்கு அப்பொறி எளிதில் புலப்படும்.

உம்மையும் அத்தகையதே. ‘மாணவர் எல்லாரும் வரவில்லை’ என்ற தொடருக்கு ஒருவரும் வரவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். சிலர் வந்தனர், சிலர் வரவில்லை என்றும் பொருள் கொள்ளலாம். முற்றும்மை சில இடங்களில் எச்சப்பொருளும் தரும் என்பதைத் தொல்காப்பியர் இடையியலில் நூற்பா அமைத்தே கூறியுள்ளார். பத்தையும் கொடுக்காதே என்று ஒருவர் சொன்னால், சிலவற்றைக் கொடுக்கலாம் என்ற பொருளும் அதில் நிற்கும் என்பது உரையாசிரியர் காட்டும் நெறி. ‘எல்லாரும் அல்லர்’ என்ற கூற்றைத் தளர்த்த ஒருவர் விடாமல் அனைவரையும் காட்ட வேண்டும். ‘ஒருவரும் இல்லை’ என்ற கூற்றைத் தளர்த்த ஒரே ஒருவர் போதும். எப்பொருளில் சொல்லப்பட்டது என்று துணியாமல் மறுப்புத் தேடுவது, பூட்டைப் பார்க்காமல் சாவி தேடுவது போன்றது.

ஒரு பயிற்சி வினா

நம் ஊர்ச் செய்தியைக் கொண்டு ஒரு வினா அமைத்துள்ளேன். தெரிவுகளில் உள்ளவற்றைத் தேர்வு முறைப்படி உண்மையெனக் கொள்க.

புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் விரைவு ரயில், ஒரு திசையில் மணிக்குப் பத்தாயிரம் பயணிகள் வரை ஏற்றிச் செல்லும் திறனுடையதாகத் திட்டமிடப்பட்டது. ஆகவே, அந்த ரயில் ஓடத் தொடங்கியதும் ஜொகூர் கடற்பாலத்தில் வாகன நெரிசல் பெரிதும் குறையும்.

இவ்வாதத்தைப் பெரிதும் வலுவிழக்கச் செய்வது எது?

அ) கடற்பாலம் 1924-இல் திறக்கப்பட்டபோது இன்றுள்ள அளவு வாகனங்கள் இல்லை.
ஆ) ரயிலின் திறன் அவ்வளவு இராது என்று சிலர் ஐயுறுகின்றனர்.
இ) ரயிலுக்கு மாற எண்ணுவோருள் மிகப் பெரும்பாலோர் இப்போது பேருந்தில் பாலத்தைக் கடப்பவர்கள்.
ஈ) நெரிசல் குறையாவிடில் நாள்தோறும் எல்லை கடந்து வேலைக்குச் செல்வோர் பெரிதும் துன்புறுவர்.
உ) இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகளும் புறப்படும் நிலையத்திலேயே முடிந்துவிடும்.

முதலில் இணைப்பைத் தேடுவோம். சான்று பயணிகளைப் பற்றியது. முடிவு வாகனங்களைப் பற்றியது. இரண்டும் ஒன்றல்ல. ரயிலேறும் பயணிகள் பாலத்திலிருந்து தத்தம் வாகனங்களை விலக்கிக்கொள்வர் என்பது சொல்லாத எடுகோள்.

‘அ’ பழைய செய்தி. வாதத்தின் எவ்வுறுப்பையும் அது தொடவில்லை. ஊரைப் பற்றியும் பாலத்தைப் பற்றியும் பேசுவதால் தொடர்புடையது போலத் தோன்றுகிறது, அவ்வளவே. ‘ஆ’ சான்றோடு வழக்காடுகிறது. அதிலும் சிலர் ஐயுறுகின்றனர் என்பதைத்தான் சொல்கிறது. ஐயம் சரியானது என்று சொல்லவில்லை. ‘ஈ’ முடிவு பொய்யானால் விளையும் துன்பத்தைக் கூறுகிறது. ஒன்று நடந்தால் துன்பம் என்பது அது நடக்கும் என்பதற்கோ நடவாது என்பதற்கோ சான்றாகாது. மாணவர் உள்ளம் இரக்கத்தால் இதன்பால் சாய்வதுண்டு. ‘உ’ ரயிலை மேலும் விரும்பத்தக்கதாக்குகிறது; வாதத்தை வலுப்படுத்துகிறது. திசை மாறிய தெரிவு என்று இதனைச் சொல்லலாம். விரைந்து படிப்போர் மிகுதியாக விழும் குழி இது.

‘இ’ இணைப்பைத் தொடுகிறது. ஒரு பேருந்து பல பேரைச் சுமக்கிறது. பேருந்துப் பயணிகள் ரயிலுக்கு மாறினால் பாலத்தில் குறையும் வாகனங்கள் சிலவே. மகிழுந்துகளும் மோட்டார் சைக்கிள்களும் சரக்குந்துகளும் முன்போலவே நிற்கும். ரயில் நிறைந்து ஓடும், நெரிசலும் நீடிக்கும். ஏது உண்மையாக இருக்கவே முடிவு தளர்கிறது. ‘இ’ என்பதே விடை.

முன்னும் பின்னும்

கற்பனை வினாவை விட்டு, நம் கல்வியாளரிடையே கேட்கும் ஒரு வாதத்துக்கு வருவோம். பதினைந்து வயது மாணவரின் திறனை அளக்கும் பன்னாட்டு மதிப்பீடான பீசாவில், வாசிப்புத் திறனில் மலேசியா 2018-இல் 415 புள்ளி பெற்றது. 2022-இல் 388 புள்ளி பெற்றது. ஆரம்பப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நீக்கப்பட்டது. ‘தேர்வை நீக்கியதால்தான் வாசிப்புத் திறன் சரிந்தது’ என்று ஒருவர் சொல்கிறார் எனக் கொள்வோம்.

எண்கள் உண்மை. ஆண்டுகளும் வரிசையாக நிற்கின்றன: நீக்கம் முன், சரிவு பின். இதனால் வாதம் உறுதிபோலத் தோன்றுகிறது. ஆனால் 2022-இல் பீசா எழுதியோர் 2006-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். அவர்கள் ஆறாம் ஆண்டில் இருந்தது 2018-இல். யு.பி.எஸ்.ஆர். கடைசியாக நடைபெற்றது 2019-இல். அதாவது, சரிந்த புள்ளிகளைப் பெற்ற அம்மாணவர்கள் அத்தேர்வை எழுதி முடித்தவர்கள். நீக்கம் அவர்களைத் தொடவே இல்லை. தேர்வு நீக்கம் நல்லதா தீதா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது; அதற்கு இந்த எண்களைச் சான்றாகக் காட்ட இயலாது என்பது மட்டும் தெளிவாகிறது.

‘அப்படியானால் பெருந்தொற்றுக் காலத்துப் பள்ளியடைப்பே காரணம்’ என்று மற்றொருவர் சொல்லக்கூடும். அதையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும். பொருளாதார ஒத்துழைப்பு மேம்பாட்டு அமைப்பு நாடுகளின் சராசரியும் அக்காலத்தில் 487-இலிருந்து 476-ஆகக் குறைந்தது. பெருந்தொற்று எங்கும் பாதித்தது என்பதற்கு இது துணை செய்கிறது. ஆயினும் அங்கு 11 புள்ளி குறைய, இங்கு 27 புள்ளி குறைந்திருக்கிறது. மிகுதிச் சரிவுக்கு, பள்ளிகள் நெடுநாள் மூடப்பட்டிருந்தமையோ இணைய வசதிக் குறைவோ வேறெதுவோ காரணம் காட்டியாக வேண்டும். நமக்குப் பிடித்த விளக்கத்தையும் பிடிக்காத விளக்கத்தையும் ஒரே கடுமையுடன் ஆராய்வது இப்பயிற்சியின் உயிர்நாடி.

வகுப்பறைக்குச் சில சொற்கள்

ஆசிரியர்களுக்கு மூன்று பயிற்சிகளைப் பரிந்துரைக்கிறேன். மூன்றுக்கும் தனி நூலோ கருவியோ வேண்டா.

முதலாவது, மூன்று வரிப் பயிற்சி. நாளிதழின் வாசகர் கடிதம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஏதுவை ஒரு வரியிலும், முடிவை ஒரு வரியிலும், சொல்லாத எடுகோளை ஒரு வரியிலும் மாணவர் எழுதட்டும். மூன்றாம் வரியை எழுதுவதற்குத்தான் அவர்களுக்கு நேரமாகும். அந்த நேரம் பயனுள்ள நேரம். சான்றில் வரும் சொல்லும் முடிவில் வரும் சொல்லும் வேறுபடும் இடத்தை அடிக்கோடிடச் சொல்லுங்கள். பள்ளி என்பது பற்றாக மாறும் இடமும், பயணி என்பவர் வாகனமாக மாறும் இடமும் அவர்களுக்குத் தாமே புலப்படும்.

இரண்டாவது, இடைச்சொல் மாற்றம். ஒரே தொடரை ‘ஆல்’, ‘ஆல்தான்’, ‘அதால்’, ‘ஆலும்’ என்று மாற்றி எழுதி, ஒவ்வொன்றையும் தளர்த்தும் சான்றைத் தேடச் சொல்லுங்கள். இலக்கண வகுப்பும் சிந்தனை வகுப்பும் அங்கு ஒன்றாகிவிடும். இடையியல் எதற்கு என்று கேட்கும் மாணவர்க்கும் அதுவே மறுமொழி.

மூன்றாவது, பிறர் வாதத்தை முதலில் நிறுத்துதல். சிவஞான சித்தியார் பரபக்கத்தில் பிற சமயத்தார் கொள்கை முதலில் எடுத்துரைக்கப்படும். மறுப்பு அதன் பின்னரே வரும். உரையாசிரியர்களும் தடையை எழுப்பிய பின்னரே விடை கூறினர். மாணவரும், தாம் மறுக்கப்போகும் வாதத்தை அதைச் சொன்னவரே ‘ஆம், இதுதான் என் கருத்து’ என்று ஒப்பும்படி முதலில் எடுத்துச் சொல்லட்டும். நம் பட்டிமன்றங்களில் எதிரணியின் பேச்சைக் கேலி செய்தால் கைதட்டல் கிடைக்கிறது. மேடைச் சுவைக்கு அது பொருந்தலாம். ஆனால் அதுவே மறுப்பு என்று பிள்ளைகள் எண்ணிவிட்டால், தேர்வில் மட்டுமன்றி வாழ்விலும் தடுமாறுவர்.

மாணவர்களுக்கு ஒரு சொல். பெரியவர் சொன்ன வாதத்தில் குறை காண்பது மரியாதைக் குறைவு என்று நம் வீடுகளில் பலர் வளர்க்கப்படுகிறோம். அந்த ஆசிரியை என்னை ‘ஐயா’ என்று அழைத்தே கேட்டார். அவர் குரலில் ஏளனம் இல்லை. என் வருத்தத்தை அவரும் உடையவர். தமிழ்ப்பள்ளிக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர். தவறான காரணத்தைச் சொல்லி வருந்தினால் தவறான மருந்தைத் தேடுவோம் என்பதனால்தான் அவர் எழுந்து கேட்டார். பற்று இல்லை என்று எண்ணினால் மேடைதோறும் மக்களைக் கடிந்துகொண்டிருப்போம். பிள்ளைகள் இடம்பெயர்ந்தனர் என்று உணர்ந்தால், அவர்கள் குடியேறிய இடத்தில் பள்ளியும் வகுப்பறையும் பேருந்தும் வேண்டும் என்று கேட்போம்.

நிறைவாக உங்கள் முன் ஒரு வினாவை வைத்துச் செல்கிறேன். 2000-க்குப் பிறகு ஒரு கட்டத்தில் தமிழ்ப்பள்ளி மாணவர் தொகை ஓர் இலட்சத்தையும் கடந்தது. அண்மை ஆண்டுகளில் அது மீண்டும் குறைந்துள்ளது. ‘ஆகவே, பெற்றோர் தமிழ்ப்பள்ளியை விட்டு விலகுகின்றனர்’ என்ற பேச்சு இப்போது கேட்கிறது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மலேசிய இந்தியரிடையே பிறப்பு விகிதமும் பெரிதும் குறைந்துள்ளது. ஒரு தலைமுறை தன்னை ஈடுசெய்துகொள்ளத் தேவையான, ஒரு பெண்ணுக்கு 2.1 பிள்ளைகள் என்ற அளவுக்கு அது மிகவும் கீழே நிற்கிறது. முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை ஏழு ஆண்டுகளுக்கு முன் பிறந்த பிள்ளை. அப்படியானால், இவ்வாதத்தை ஏற்பதற்கு முன்போ மறுப்பதற்கு முன்போ நாம் கேட்க வேண்டிய எண் எது?

மாணவச் செல்வங்களே, அந்த எண்ணைத் தேடி எடுத்து உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். அது இவ்வாதத்தை வலுப்படுத்துகிறதா, தளர்த்துகிறதா என்பதை வகுப்பில் பேசுங்கள். இரண்டில் எதுவாயினும் நமக்கு அது வேண்டும்.